கீழ்த்தாடையில் இரண்டு இம்பிளாண்ட்: முதல் வாரமும் அதற்குப் பிறகும் எப்படிக் கவனிப்பது?

முற்றத்துநிலா கேட்டது:

வணக்கம். அம்மாவுக்கு (வயது 61) இன்று காலை இடது கீழ்க்கடைவாயில் இரண்டு இம்பிளாண்ட் (பல் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் திருகு) வைத்திருக்கிறார்கள். முன்னால் உள்ளதில் ஈறுக்கு மேலே சின்ன உலோக மூடி தெரிகிறது. பின்னால் உள்ளதில் எலும்புத் தூள் வைத்து, ஈறை முழுக்க மூடித் தைத்திருக்கிறார்கள். சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எதுவும் இல்லை. சிறுநீரகம், வயிற்றுப்புண் தொந்தரவும் கிடையாது.

கையில் கொடுத்த தாளில் மூன்றே வரிதான்: மென்மையான உணவு, உப்புநீர், பத்தாம் நாள் தையல் பிரிக்க வரவும். எனக்குத் தெரிய வேண்டியவை:

1. ரத்தம் கசிவது எவ்வளவு நேரம் வரை இயல்பு? கொப்பளிப்பதை எப்போது தொடங்கலாம்?
2. அந்த உலோக மூடியை எப்படிச் சுத்தம் செய்வது?
3. கிரவுன் (அதன் மேல் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகுமாம். வலி இல்லையென்றால் அதற்கு முன்பே அந்தப் பக்கம் மெல்லலாமா?
4. எந்த அறிகுறி வந்தால் உடனே ஓட வேண்டும்?

---

தையல்முனை:

நான்காவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். அதில் ஒன்று இன்றைக்கே பார்க்க வேண்டியது.

கீழ்த்தாடைக்குப் போட்ட மரப்பு ஊசி பொதுவாக மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் விட்டுவிடும். அதற்குப் பிறகு ஒரு பஞ்சுத் திரியை எடுத்து, கண்ணை மூடச் சொல்லி, கீழ் உதட்டிலும் மோவாயிலும் இடம் வலம் மாற்றி மாற்றித் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உணர்ந்தால் கவலை இல்லை. இரவாகியும் இடது பக்கம் மட்டும் மரத்தே இருந்தாலோ, எறும்பு ஊர்வது போல இருந்தாலோ காலைவரை காத்திருக்காமல் டாக்டருக்குச் சொல்லுங்கள். கீழ்க்கடைவாயின் வேருக்குக் கீழே ஒரு குழாய்க்குள் நரம்பு ஓடுகிறது. இம்பிளாண்ட் அதை அழுத்திக்கொண்டிருந்தால், முதல் ஒன்றரை நாளுக்குள் அதைச் சற்று வெளியே எடுப்பதோ கழற்றுவதோ செய்தால்தான் உணர்வு முழுதாகத் திரும்ப நல்ல வாய்ப்பு. "ஒரு வாரம் பார்ப்போம்" என்று விட்டால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகும்.

இன்னொன்று அரிது, ஆனால் ஆபத்தானது. நாக்குக்கு அடியில் வீங்கி நாக்கை மேலே தூக்குவது, விழுங்க முடியாமல் எச்சில் வழிவது, மூச்சு திணறுவது. நாக்குக்கு அடியில் ரத்தம் கட்டும்போது இப்படி ஆகும். அதற்குப் பல் கிளினிக் வேண்டாம், நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இனி ரத்தம். காஸ் துணியை இறுக்கமாக மடித்து, தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்து, காயத்தின் மேலேயே சரியாக வைத்துக் கடிக்கச் சொல்லுங்கள். பல்லுக்கு மேல் வைத்தால் அழுத்தம் காயத்துக்குப் போகாது. 30 முதல் 45 நிமிடம், நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் உறைந்த ரத்தம் துணியோடு வந்துவிடும். நாளைக் காலைவரை எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. ஒரு சொட்டு ரத்தம் எச்சிலில் கலந்தாலே வாய் நிறைய ரத்தம் போலத் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து துப்பிக்கொண்டே இருப்பார்கள். துப்புவதும் உறிஞ்சுகுழலில் குடிப்பதும் வாய்க்குள் வெற்றழுத்தத்தை உண்டாக்கி உறைந்ததைப் பெயர்க்கும். விழுங்கட்டும், இல்லை வாயைத் திறந்து தானாக வழிய விடட்டும். இரண்டு முறை காஸ் வைத்தும் கெட்டியான சிவப்பு ரத்தம் நிற்காவிட்டால் போன் செய்யுங்கள்.

ஐஸைத் துணியில் சுற்றி, கன்னத்தின் வெளியே 20 நிமிடம் வைத்து 20 நிமிடம் எடுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் முதல் இரண்டு நாள் இப்படிச் செய்யலாம், அதற்குப் பிறகு ஐஸால் பெரிய பயன் இல்லை. தலையணை இரண்டு வைத்துப் படுக்கட்டும். வீக்கம் இன்றைவிட நாளை அதிகமாக இருக்கும், மூன்றாம் நாள்வரைகூட ஏறும். அது காயம் ஆறும் வழிதான். வடிந்த வீக்கம் நான்கைந்து நாளில் மறுபடி ஏறினாலோ, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ, வாயில் கெட்ட சுவையோடு ஏதாவது ஊறினாலோ தொற்று என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே காட்டுங்கள்.

வலி மாத்திரையின் முதல் வேளையை மரப்பு விடுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். ஏறிய வலியை இறக்குவதைவிட ஏறாமல் பார்ப்பது எளிது. ஐபுப்ரொஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமாலும் சேர்த்து எழுதியிருந்தால் அது நல்ல கூட்டு. ஐபுப்ரொஃபெனை உணவுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், சில மாத்திரைகளோடு சேரும்போது ஐபுப்ரொஃபென் சிறுநீரகத்தைப் படுத்தும். பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகளிலும் அது இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தால் வலி போனதும் நிறுத்தாமல் எழுதிய நாள்வரை கொடுங்கள். உடம்பில் தடிப்பு வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு உடனே கேளுங்கள்.

கொப்பளிப்பது நாளைக் காலையிலிருந்து. ஒரு தம்ளர் (சுமார் 240 மி.லி.) வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போதும். கன்னத்தை உப்பி ஆட்டுவது கூடாது. வாயில் வைத்துத் தலையை இப்பக்கமும் அப்பக்கமும் சாய்த்து, தொட்டியில் தானாக விழ விடுங்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கும் முன்பும் ஒருமுறை.

குளோர்ஹெக்சிடின் (கிருமியைக் கொல்லும் கொப்பளிப்பு மருந்து) கொடுத்திருந்தால் புட்டியில் உள்ள அளவைப் பாருங்கள். 0.12 சதவீதம் என்றால் 15 மி.லி., அரை நிமிடம். 0.2 சதவீதம் என்றால் 10 மி.லி., ஒரு நிமிடம். காலை, இரவு மட்டும். பேஸ்ட் போட்டு விளக்கிய கையோடு இதை ஊற்றாதீர்கள், அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீட்டினால் பற்களில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் சுவை மாறும்.

சர்க்கரை உள்ளவர் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வாய் வலிக்கிறது என்று சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மாத்திரையை மட்டும் வழக்கப்படி போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அதற்குப் பயந்து பழச்சாறாகவே ஊற்றினால் ஏறும், ஏறினால் காயம் ஆறாது. முட்டை, தயிர், குழைய வேகவைத்த பருப்பு என்று புரதம் உள்ளதை ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளையாகக் கொடுங்கள். முதல் வாரம் குளுக்கோமீட்டரில் தினமும் பார்த்துக்கொள்வது நல்லது. எள் போன்ற சிறு விதைகள், பொரிந்து தூளாகும் பண்டங்கள், கொட்டைகள் வேண்டாம். தையலுக்குள் போய் உட்கார்ந்தால் எடுப்பது பெரும்பாடு.

---

ஈறோரம்:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். உலோக மூடியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

அதை ஹீலிங் கேப் என்பார்கள். கிரவுன் வரும் இடத்தில் ஈறு காலர் போல வட்டமாக ஆறுவதற்காக வைத்தது. இம்பிளாண்டுக்குள் சின்னத் திருகுளியால் கை இறுக்கத்துக்கு மட்டும் முறுக்கியிருப்பார்கள். அதாவது தளர வாய்ப்பு உண்டு.

முதல் இரண்டு நாள் அதைத் தொட வேண்டாம், மற்ற பற்களை மட்டும் வழக்கம்போல விளக்கட்டும். மூன்றாம் நாளிலிருந்து பஞ்சுத் திரியைக் குளோர்ஹெக்சிடினில் நனைத்து, ஈறிலிருந்து மூடியை நோக்கி, வெளிப்பக்கமும் நாக்குப் பக்கமும் துடைக்க வேண்டும். ஒரு வாரம் ஆனதும் மிக மென்மையான பிரஷால், பேஸ்ட் இல்லாமல், தையலைத் தவிர்த்து. மூடியின் மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளக்க வேண்டும். மங்கலாக, நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக வருவது போல இருந்தால் அழுக்கு படிகிறது என்று பொருள். நாக்குப் பக்கத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள், சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள்.

மூடி தளர்ந்தால் நாக்கால் தொடும்போது சுற்றும், அல்லது மெல்லும்போது ஈறு கிள்ளுவது போல இருக்கும். வீட்டில் யாரும் முறுக்க வேண்டாம். கழன்று கையில் வந்துவிட்டால் ஒரு டப்பாவில் போட்டு வைத்து அன்றைக்கே போங்கள். ஓரிரு நாள் விட்டாலே ஈறு உள்ளே சரிந்து மூடத் தொடங்கும், பிறகு மரப்பு போட்டு ஈறைத் திறக்க வேண்டியிருக்கும்.

பின்னால் உள்ள மூடிய இம்பிளாண்டில் தினமும் உதட்டை இழுத்துப் பார்க்காதீர்கள். எலும்புத் தூளின் மேல் ஈறு இழுவை இல்லாமல் படிந்திருப்பதுதான் அந்தச் சிகிச்சையின் உயிர். நீங்கள் கன்னத்தை இழுக்கும்போது தையலும் சேர்ந்து இழுபடும். முதல் சில நாள் மணல் போல இரண்டு மூன்று துகள் வாயில் தட்டுப்படலாம், அது பரவாயில்லை. தொடர்ந்து வந்தாலோ, ஈறு பிளந்து உள்ளே வெள்ளையாகச் சவ்வு தெரிந்தாலோ காட்ட வேண்டும்.

கழற்றி மாட்டும் பல்செட் ஏதாவது அந்தப் பக்கம் போடுகிறாரா? போட்டால், உட்புறம் குடைந்து காயத்தில் படாமல் சரிசெய்து தரும்வரை மாட்ட வேண்டாம்.

---

முற்றத்துநிலா:

மிக்க நன்றி. பல்செட் இல்லை. மரப்பு அன்று மாலையே இரண்டு பக்கமும் ஒன்றுபோல விட்டுவிட்டது. இன்று நான்காம் நாள். வீக்கம் இறங்குகிறது, ஆனால் கன்னத்திலிருந்து கழுத்துவரை மஞ்சளும் பச்சையுமாக இருக்கிறது. காயத்தின் ஓரத்தில் வெள்ளைப் படலம். ஒரு தையல் நூல் நீட்டிக்கொண்டு நாக்கில் குத்துகிறது, வெட்டிவிடலாமா?

---

ஈறோரம்:

நிறம் மாறுவது தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம் கரைவதால். புவி ஈர்ப்பில் அது கழுத்துக்கும் இறங்கும். ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும்.

வெள்ளைப் படலம் பெரும்பாலும் ஃபைப்ரின், காயம் தானே போட்டுக்கொள்ளும் கட்டு. துடைத்து எடுக்காதீர்கள். சீழாக இருந்தால் பக்கத்தில் மெல்ல அழுத்தும்போது ஊறும், நாறும், வலி கூடும். காயத்தில் மட்டும் இல்லாமல் நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் போல வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அது பூஞ்சை. சர்க்கரை உள்ளவர் ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போது வரக்கூடியது, தனி மருந்து வேண்டும்.

நூலை வெட்ட வேண்டாம். முடிச்சுக்கு மிக அருகில் வெட்டுப்பட்டால் அந்தத் தையலே அவிழும். நீளமான முனையை மட்டும் கிளினிக்கில் ஒரு நிமிடத்தில் கத்தரித்துத் தருவார்கள். குத்துகிறதே என்று நாக்கால் அதை நெருடிக்கொண்டே இருப்பதுதான் பெரிய கெடுதல், அம்மாவிடம் சொல்லுங்கள்.

---

மூன்றாம்வாரம்:

மூன்றாவது கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. அதிகம் பேர் கோட்டை விடுவது அங்கேதான்.

மெல்லக் கூடாது. வலி இல்லாததை ஆறிவிட்டதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. ஏன் என்று விளக்குகிறேன்.

இன்று இம்பிளாண்ட் அசையாமல் நிற்பது, மரத்தில் முறுக்கிய திருகாணி நிற்பது போல வெறும் இறுக்கத்தால்தான். மரை அழுத்திய இடத்தில் உள்ள எலும்பு கொஞ்சம் நசுங்கியிருக்கும். உடம்பு முதலில் அந்த நசுங்கிய எலும்பைக் கரைக்கும், பிறகுதான் புது எலும்பைக் கட்டும். பழைய பிடி குறைந்துகொண்டே வர, புதுப் பிடி இன்னும் ஏறாத ஒரு பள்ளம் நடுவில் வரும். ஏறத்தாழ இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை. வீக்கம் போயிருக்கும், தையல் பிரித்திருக்கும், வலி இருக்காது, "இனி என்ன" என்று தோன்றும். இம்பிளாண்ட் மிகத் தளர்வாகப் பிடித்திருப்பது சரியாக அந்த நாட்களில்.

அப்போது அந்த உலோக மூடியின் மேல் ஒரு ரொட்டியின் கெட்டி ஓரம் விழுந்து கடிபட்டால் என்ன ஆகும்? கண்ணுக்குத் தெரியும் அசைவு தேவையில்லை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 முதல் 150 மைக்ரோமீட்டர் அசைவு திரும்பத் திரும்ப நடந்தால் போதும். எலும்பு வர வேண்டிய இடத்தில் நார்த்திசு வந்துவிடும். நார்த்திசு பிறகு எலும்பாக மாறாது, இம்பிளாண்டைக் கழற்றத்தான் வேண்டும். அதனால் இரண்டு மாதமாவது அந்தப் பக்கம் கெட்டியான எதையும் மெல்ல வேண்டாம், நாக்கால் மூடியைத் தள்ளிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். அதன் பிறகும் கிரவுன் வரும்வரை மறுபக்கமே முதன்மை.

டைட்டேனியத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதை ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1952-ல் முயல் எலும்பில் கண்டார், 1965-ல் முதல் நோயாளிக்கு வைத்தார். கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் என்ற காத்திருப்பு அவருடைய முறையிலிருந்து வந்தது. மேல்தாடை எலும்பு பஞ்சு போல இருப்பதால் கூடுதல் காலம். இன்றைய சொரசொரப்பான பரப்புள்ள இம்பிளாண்டுகளில் இதைவிடச் சீக்கிரம் கிரவுன் வைப்பதும் உண்டு. உங்கள் அம்மாவுக்கு எலும்புத் தூளும் சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் டாக்டர் அவசரப்படாதது சரி. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7-ஐ ஒட்டி இருக்கப் பாருங்கள்.

கிரவுனுக்கு அளவெடுக்கும் முன் இம்பிளாண்டின் உறுதியை அளந்தீர்களா என்று கேளுங்கள். அதிர்வை வைத்து அளக்கும் ஒரு கருவி 1 முதல் 100 வரை எண் காட்டும், அதை ஐஎஸ்க்யூ என்பார்கள். 70-ம் அதற்கு மேலும் என்றால் நல்ல உறுதி, 60-க்குக் கீழ் என்றால் இன்னும் காத்திருப்பதே நல்லது.

ஒட்டாமல் போனதன் அறிகுறி பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். கடித்தால் மந்தமான கூச்சம், மூடியை முறுக்கும்போது இம்பிளாண்டே சேர்ந்து சுற்றுவது அல்லது உள்ளே வலிப்பது, எக்ஸ்ரேயில் இம்பிளாண்டைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. அப்படி ஆனால் தாமதிக்காமல் எடுத்துவிட்டால் எலும்பு மிஞ்சும், சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி வைக்கலாம்.

வீட்டில் யாருக்காவது புகைப்பழக்கம் இருந்து இதைப் படித்தால் அவர்களுக்கும்: சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பிருந்து இரண்டு மாதம் பின்புவரை நிறுத்துவது, எந்த மருந்தும் தராத பலனைத் தரும்.

---

முற்றத்துநிலா:

இந்தப் பள்ளத்தைப் பற்றி யாருமே சொல்லவில்லை, தெளிவாகப் புரிந்தது. கடைசியாக ஒன்று. கிரவுன் வந்த பிறகு தண்ணீர் பீச்சும் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதுமா? சொத்தை வராதே, பிறகு என்ன ஆபத்து?

---

தையல்முனை:

சொத்தை வராது, ஈறு நோய் வரும். அதுவும் இயற்கைப் பல்லில் வருவதைவிட வேகமாக.

இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள் குத்திட்டுப் பதிந்திருக்கும், கிருமிக்கு அது ஒரு வேலி. இம்பிளாண்டில் அந்த நார்கள் உலோகத்துக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும், உள்ளே பதியாது. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் உள்ள மெத்தை போன்ற தசைநாரும் இங்கே இல்லை. அதனால் கடியின் அழுத்தத்தை உணர்வது குறைவு, எலும்பு கரைந்தாலும் வலி வெகுநாள் தெரியாது. வலிக்கட்டும் பார்க்கலாம் என்று இருந்தால் பாதி எலும்பு போயிருக்கும்.

ஈறு மட்டும் சிவந்து, தொட்டால் ரத்தம் வரும் நிலையில் சரியாகச் சுத்தம் செய்தால் பழையபடி ஆகிவிடும். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் போன எலும்பு தானாகத் திரும்பாது, பெரும்பாலும் ஈறைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டிவரும். ஆகவே பிரஷ் செய்யும்போது இம்பிளாண்டைச் சுற்றி ரத்தம் வந்தால் அதை அறிகுறியாக எடுங்கள்.

நீர் பீச்சி உதவும், ஆனால் அது மட்டும் போதாது. ஒட்டிய படலத்தைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். முதன்மையான கருவி இன்டர்டென்டல் பிரஷ், அதாவது பல்லிடுக்கில் நுழைக்கும் சின்னத் தூரிகை. கம்பியின் மேல் பிளாஸ்டிக் பூசியதாக வாங்குங்கள், வெறும் கம்பி உலோகத்தைக் கீறும். இடுக்கில் நுழையும்போது தூரிகை முழுக்க இடுக்கை நிரப்ப வேண்டும், கம்பி உரசக் கூடாது. சுலபமாக வழுக்கிப் போனால் அளவு சின்னது. இரண்டு இடுக்குக்கு இரண்டு அளவு தேவைப்படலாம், கிளினிக்கில் போட்டுப் பார்த்து அளவு கேட்டு வாருங்கள். கடைசி கிரவுனின் பின்புறத்துக்கு ஒற்றைக் குஞ்சப் பிரஷ். நீர் பீச்சியை நடுத்தர வேகத்தில், ஈறுக்குச் செங்குத்தாகப் பிடித்து நகர்த்த வேண்டும், ஈறுக்குள் குத்திப் பீச்சக் கூடாது. மரை வெளியே தெரியும் நிலையில் சாதாரணப் பல்நூலைப் போட்டு இழுத்தால் இழை பிய்ந்து உள்ளே தங்கி அதுவே அழற்சியைக் கிளப்பும். கரித்தூள் பேஸ்ட் வேண்டாம், வழக்கமான ஃப்ளோரைடு பேஸ்ட் போதும்.

---

ஈறோரம்:

கிரவுனைத் திருகால் பிடிக்கிறார்களா சிமென்ட்டால் ஒட்டுகிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒட்டும்போது ஈறுக்குள் வழிந்த சிமென்ட் துணுக்கு அங்கேயே தங்கி, மாதங்கள் கழித்தும் சீழ் பிடிக்க வைக்கும். திருகு வகையில் அந்தத் தொல்லை இல்லை, தேவைப்பட்டால் கழற்றலாம். ஒட்டுவது என்றால் முடித்ததும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். எப்படி வைத்தாலும் கிரவுன் பொருத்திய அன்று ஒரு எக்ஸ்ரே கட்டாயம் வேண்டும். பிற்பாடு எலும்பு குறைந்ததா என்று ஒப்பிட அதுதான் அடிக்கோடு.

கிரவுன் ஆடினால் "இம்பிளாண்டே போச்சு" என்று பதற வேண்டாம், பெரும்பாலும் உள்ளே இருக்கும் திருகுதான் தளர்ந்திருக்கும். ஆனால் ஆடுவதோடு மென்றுகொண்டே இருந்தால் அந்தத் திருகு உள்ளே முறிந்துவிடும், முறிந்த துண்டை எடுப்பது கடினம். முன்பு இல்லாமல் புதிதாக உணவு சிக்க ஆரம்பித்தால் அதையும் சொல்லுங்கள். பக்கத்து இயற்கைப் பல் காலப்போக்கில் மெல்ல நகரும், இம்பிளாண்ட் நகராது, நடுவில் இடைவெளி விழும். இரவில் பல் நறநறவென்று கடிப்பவராக இருந்தால் நைட் கார்டு (தூங்கும்போது பல்லில் மாட்டும் உறை) வேண்டும்.

சர்க்கரை இருப்பதால் முதல் ஆண்டு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. ஸ்கேலிங் செய்யும்போது "இங்கே இம்பிளாண்ட் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சாதாரண இரும்புக் கருவியால் அதைச் சுரண்டக் கூடாது. டைட்டேனியம் அல்லது பிளாஸ்டிக் முனைகள் உண்டு.

பத்தாம் நாள் தையல் பிரிக்கப் போகும்போது ஒரு வேலை இருக்கிறது. இம்பிளாண்ட் வந்த பெட்டியில் தயாரிப்பின் பெயர், விட்டம், நீளம், லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். இரண்டுக்கும் கேட்டு வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு தயாரிப்பின் உட்பொருத்தமும் உதிரிப்பாகமும் வேறு வேறு. பத்து வருடம் கழித்து வேறு ஊரில் ஒரு திருகு தளர்ந்தால், அங்கே உள்ள டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தப் பெயரைத்தான்.